கறுப்பு அங்கி போட்ட பிறகு: இளம் வழக்கறிஞர்களின் கேள்விகள்

பார் கவுன்சிலில் பதிவு செய்து எட்டு மாதம் ஆகிறது மேடம். சிவில் நீதிபதி தேர்வுக்கு வீட்டிலிருந்தே படிக்கலாமா? (வாசகி, சேலம்)

படியுங்கள், ஆனால் கோர்ட்டுக்குப் போவதை நிறுத்தாதீர்கள். மூன்று ஆண்டு தொழில் செய்தவர்களே இந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம் என்று 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தற்காலிகப் பதிவு (அகில இந்திய பார் தேர்வில் தேறுவதற்கு முன் செய்யும் பதிவு) நாளிலிருந்தே கணக்கு ஓடும் என்பதால் உங்கள் எட்டு மாதம் வீணாகவில்லை. ஆனால் நீதிமன்றத்தின் முதன்மை நீதித்துறை அதிகாரியோ, பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவரோ உங்களுக்குச் சான்று தர வேண்டும். வழக்கறிஞர் தருவதானால் அதில் அந்த அதிகாரியின் மேலொப்பமும் வேண்டும்.

அதனால் இன்றிலிருந்தே இரண்டு வேலை. சீனியர் தாக்கல் செய்யும் வக்காலத்தில் (கட்சிக்காரர் தன் வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) உங்கள் பெயரும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். டைரியில் தினமும் வழக்கு எண், எந்தக் கோர்ட், சாட்சி விசாரணையா வாய்தாவா என்று ஒரு வரி எழுதுங்கள்.

சான்றிதழுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. குறுக்கு விசாரணையில் ஒரு சாட்சி பொய் சொல்லித் தடுமாறுவதற்கும், கூண்டில் ஏறிய பயத்தில் தடுமாறுவதற்கும் உள்ள வித்தியாசம் புத்தகத்தில் கிடைக்காது. நாளை தீர்ப்பு எழுதப் போகிறவருக்கு அது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம், அகில இந்திய பார் தேர்வை இரண்டு ஆண்டுக்குள் முடித்துவிடுங்கள்.

பார் கவுன்சிலில் பதிவுக் கட்டணம் எவ்வளவு? (வாசகர், விழுப்புரம்)

சட்டப்படி 750 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125. இதற்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முத்திரைத் தீர்வை இருந்தால் அது தனி.

சீனியர் பஸ் காசுகூடத் தருவதில்லை. வாய் திறந்து கேட்கலாமா? (வாசகர், மதுரை)

தாராளமாகக் கேளுங்கள். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமே சொன்னது. பல ஆபீஸ்களில் அது இன்னும் நடைமுறைக்கு வராதது எனக்குப் பெரிய வருத்தம். குடும்பத்தில் முதல் வழக்கறிஞராக வரும் பிள்ளைகள்தான் இதனால் தொழிலையே விட்டுப் போகிறார்கள். கேட்டும் தராவிட்டால் வேறு சீனியரைத் தேடுங்கள். அது நன்றி மறப்பது ஆகாது.

சின்ன ஊர் கோர்ட்டிலேயே இருந்தால் மேலே வர முடியுமா? (வாசகி, அரூர்)

உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. 1981-இல் பதிவு செய்த ஆர். பானுமதி திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, அரூர் நீதிமன்றங்களில்தான் தொழில் செய்தார். 1988-இல் நேரடியாக மாவட்ட நீதிபதி, 2003-இல் சென்னை உயர் நீதிமன்றம், 2014-இல் உச்ச நீதிமன்றம். பவானிக்குப் பக்கத்தில் கடப்பநல்லூர் என்ற கிராமத்திலிருந்து வந்த பி. சதாசிவம் 1973-இல் பதிவு செய்தார். 2013-இல் இந்தியாவின் தலைமை நீதிபதி ஆனார்.

மாவட்ட நீதிபதியாக நேரடியாக வர, வழக்கறிஞராக ஏழு ஆண்டு வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 233-வது பிரிவு. எந்த ஊர் கோர்ட் என்று அது கேட்பதில்லை. அரூரில் உரிமையியல், குற்றவியல் இரண்டு பக்கமும் கேஸ் நடத்திப் பழகுங்கள். பெரிய நகரத்து ஜூனியருக்கு அந்த வாய்ப்பு இவ்வளவு சீக்கிரம் கிடைக்காது.