ரெப்போ வட்டி குறைந்தால் டெல்டாக்காரருக்கு என்ன லாபம்?

கேள்வி: ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியைக் குறைத்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள். மன்னார்குடி பக்கம் விவசாயம் பார்க்கிறோம். எங்கள் பயிர்க்கடன், நகைக்கடன் வட்டி மட்டும் ஏன் அப்படியே இருக்கிறது?

குறையாது. ரெப்போ குறைப்பு உங்கள் கடனுக்கு நேராக வந்து சேருவது அரிது. ஆனால் ரிசர்வ் வங்கி வேறொரு வாசல் வழியாக உங்கள் வீட்டுக்குள் வந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

முதலில் ரெப்போ. நகைக்கடன் எடுத்தவருக்கு இது சுலபமாகப் புரியும். கையில் பணம் போதாத வங்கி, தன்னிடம் இருக்கும் அரசுக் கடன் பத்திரத்தை ரிசர்வ் வங்கியிடம் கொடுத்துப் பணம் வாங்கும். கெடு முடிந்ததும் வட்டியோடு கட்டிப் பத்திரத்தை மீட்கும். வங்கிகள் வைக்கும் அடகு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த அடகு வட்டிதான் ரெப்போ. 2025 தொடக்கத்தில் 6.50 சதவீதமாக இருந்தது, அந்த டிசம்பரில் 5.25க்கு இறங்கியது.

இதை முடிவு செய்வது ஆறு பேர் கொண்ட பணக் கொள்கைக் குழு. விலைவாசி உயர்வு 4 சதவீதத்தை ஒட்டி, 2க்கும் 6க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது அவர்களுக்கு அரசு வைத்த இலக்கு. 2023 ஜூலையில் தக்காளி விலை எகிறியபோது அது 7.44 சதவீதம் வரை போனது. குழு அப்போது வட்டியைத் தொடவில்லை. என்னைக் கேட்டால் அது சரி. வட்டியை ஏற்றினால் தக்காளியா காய்க்கும்?

சரி, குறைப்பு யாருக்குப் போகிறது? 2019 அக்டோபர் முதல் வங்கிகள் புதிதாகத் தரும் மாறும் வட்டி வீட்டுக்கடனும் சிறுதொழில் கடனும் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மாற வேண்டும். அதனால் மாத வருமானத்தில் வீடு கட்டியவருக்கும் கடை வைத்திருப்பவருக்கும் தவணை குறையும். அடி விழுவது கும்பகோணம் அக்ரஹாரத்தில் வைப்புநிதி வட்டியை நம்பிச் சாப்பிடும் பெரியவர்களுக்கு. இதை எந்தச் செய்தியும் பெரிதாகச் சொல்வதில்லை.

பயிர்க்கடன் கதை வேறு. கிசான் கிரெடிட் கார்டில் 3 லட்சம் வரை 7 சதவீதம், நேரத்துக்குக் கட்டினால் 3 சதவீதம் கழிந்து 4. ரெப்போ 4 சதவீதமாக இருந்த 2020இலும், 6.50ஆக இருந்த 2023இலும் இதே கணக்குதான், ஏனென்றால் இது மத்திய அரசின் மானியம். கூட்டுறவு சங்கத்தில் தவணைக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. அந்தச் சுமையை மாநில அரசு ஏற்கிறது.

இனி நகைக்கடன். ஆடியில் நடவுக்காக உள்ளே போன நகை, தை அறுவடை முடிந்து கொள்முதல் நிலையப் பணம் கணக்கில் ஏறினால் வெளியே வரும். ஏறவில்லை என்றால் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்போம். ஊரில் பாதிப் பேருக்கு இதுதான் பழக்கம். இங்கேதான் ரிசர்வ் வங்கியின் இன்னொரு கை வருகிறது. வட்டி வைப்பது ஒரு வேலை என்றால், வங்கிகள் கவிழாமல் பார்த்துக்கொள்வது அதன் இன்னொரு வேலை.

அசலே திரும்பாமல் புதுப்பித்துக்கொண்டே போகும் கடன், ஏட்டில் நல்ல கடனாகத்தான் தெரியும். தங்கம் விலை ஏறிக்கொண்டே இருக்கும்வரை யாருக்கும் கவலை இல்லை. 2013 ஏப்ரலில் உலகச் சந்தையில் இரண்டே வர்த்தக நாளில் தங்கம் பத்து சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அப்படி விழும்போது மதிப்புக்கு நெருக்கமாகக் கடன் கொடுத்தவர் மாட்டிக்கொள்வார். 2024 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இந்தக் கடன்களில் உள்ள முறைகேடுகளைச் சுட்டிக்காட்டிச் சுற்றறிக்கை விட்டது. அதன் பிறகு பல கிளைகளில் முழுத் தொகையையும் கட்டி மீட்டுவிட்டுத்தான் மறுபடி வைக்க வேண்டும் என்றார்கள். விளைவு என்ன? காலையில் கைமாற்று வாங்கி நகையை மீட்டு, மதியம் அதையே வைத்துக் கைமாற்றை அடைப்பது. அந்த அரை நாளுக்கு ஒரு வட்டி. காரணம் நியாயமானது, ஆனால் கடன் குறையவில்லை, நடுவில் இருந்தவருக்குத்தான் காசு.

2025 ஏப்ரலில் வந்த வரைவு விதிகளுக்குத் தமிழ்நாட்டில் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஜூனில் இறுதி விதி வந்தது: சொந்தச் செலவுக்கு எடுக்கும் நகைக்கடன், 2.5 லட்சம் வரை என்றால் நகை மதிப்பில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 5 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. கடைப்பிடிக்கக் கடைசித் தேதி 2026 ஏப்ரல் 1. வட்டியைக் கட்டினால் புதுப்பிக்கவும் வழி இருக்கிறது, ஆனால் கடன் வாராக்கடன் ஆகியிருக்கக் கூடாது, தொகையும் வரம்புக்குள் இருக்க வேண்டும்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அசலையும் வட்டியையும் கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடனில், அந்த 85 சதவீதத்துக்குள் வட்டியும் அடங்க வேண்டும். 2 லட்சம் மதிப்புள்ள சங்கிலி என்றால் வரம்பு 1,70,000. வட்டி 9 சதவீதம், கெடு ஒரு வருடம் என்றால் கையில் வருவது சுமார் 1,56,000தான். மதிப்பீட்டாளர் உரசிப் பார்த்துச் சொல்லும் எடையிலும் கல், அரக்கு கழியும். மதிப்பும் முந்தைய நாள் விலையிலா, முப்பது நாள் சராசரியிலா, எது குறைவோ அதில்தான் போடுவார்கள்.

நகை வைக்கும்போது இந்தக் கணக்கை எழுதிக் கேளுங்கள். இன்னொன்று, முழுக்கக் கட்டிய பிறகு ஏழு வேலை நாளுக்குள் நகை கைக்கு வர வேண்டும். தாமதம் வங்கியின் தவறு என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று அதே விதியில் இருக்கிறது.