மாமியாருடன் ஓர் இரவு, கெட்டுவள்ளத்தில்

கேள்வி: ஐயா, எழுபது வயதான என் மாமியாருக்கு ஆலப்புழை படகு வீட்டைப் பார்க்க ஆசை. ஆனால் பிச்சாவரம் படகிலேயே பயந்துவிட்டார். இரவு தங்கலாமா?
– ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: தாராளமாகத் தங்கலாம், அம்மா. பிச்சாவரத்துத் துடுப்புப் படகில் ஆள் அசைந்தால் படகும் அசையும். கெட்டுவள்ளம் என்னும் இந்தப் படகு வீடோ, முன்பு ஆலப்புழைப் பக்கத்துக் குட்டநாட்டு நெல்லை மூட்டை மூட்டையாகக் கொச்சிக்குச் சுமந்த படகு. ஆஞ்சிலி மரப் பலகைகளை ஆணியே இல்லாமல் தென்னங்கயிற்றால் பிணைத்திருப்பார்கள். என் தாயாரோடு போனபோது அந்தக் கட்டுகளைத்தான் முதலில் தடவிப் பார்த்தேன். முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசி, கன்னங்கரேலென்று இரும்பாக இறுகியிருந்தன. அம்மா கரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வரப்புக்கு அப்பால் நெல்வயல், நாங்கள் மிதந்த தண்ணீரைவிடத் தாழ்வாக! விவசாய வீட்டில் பிறந்தவர், "இதில் எப்படி நீர் வடிப்பார்கள்?" என்று படகோட்டியை விடவில்லை. பம்பு வைத்து வெளியே இறைக்கிறார்களாம்.

படகில் ஏறும் பலகையில் மாமியாரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாலை ஐந்தரை வாக்கில், மீனவர்கள் வலை போடும் நேரத்தில், படகைக் கரையில் கட்டிவிடுவார்கள். பிறகு ஆட்டமே இராது. ஏ.சி. எத்தனை மணி நேரம் என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். ஜூன், ஜூலை மழையில் வேண்டாம். தை மாதம் போங்கள். கொசுவர்த்தியை மறக்காதீர்கள்.