அக்டோபர் 2: காந்தி போக இன்னும் யார் யார்? (கேள்வி பதில்)

ஒரு தேதியை எடுத்துக்கொண்டு, அதில் பிறந்தவர், மறைந்தவர், நடந்தது எதைப் பற்றியும் கேட்கலாம் என்றிருந்தேன். பெரும்பாலானோர் அக்டோபர் 2-ஐயே கேட்டிருக்கிறார்கள். சரி, அதையே எடுத்துக்கொள்வோம்.

விருதுநகர் வாசகர்: காந்தி பிறந்த நாளிலேயே காமராஜர் மறைந்தார். இதில் ஏதாவது விசேஷம் இருக்கிறதா ஐயா?

தற்செயல்தான். ஆனால் அந்த நாள் எப்படிப்பட்ட நாள் என்று பாருங்கள். 1975 அக்டோபர் 2, வியாழக்கிழமை. நெருக்கடி நிலை வந்து மூன்று மாதம் தாண்டியிருந்தது. நாடு முழுக்கத் தலைவர்கள் சிறையில். காமராஜருக்கு வயது 72. தி.நகர் திருமலைப் பிள்ளை சாலை வீட்டில், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தவர் எழவில்லை. மறு ஆண்டு பாரத ரத்னா கொடுத்தார்கள். கிண்டியில் காந்தி மண்டபத்துக்குப் பக்கத்திலேயே அவருக்கும் நினைவிடம் அமைந்தது.

இதே தேதியில் அவருக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. 1964 மே மாதம் நேரு மறைந்தபோது காங்கிரஸ் தலைவர் காமராஜர். எம்.பி.க்களையும் முதலமைச்சர்களையும் ஒவ்வொருவராகக் கேட்டு, மொரார்ஜி தேசாயை ஒதுங்கவைத்து, அவர் பிரதமர் நாற்காலியில் உட்காரவைத்த லால் பகதூர் சாஸ்திரி 1904 அக்டோபர் 2-இல் பிறந்தவர்.

அரியலூர் ஆசிரியர்: பள்ளி விழாவில் ஆண்டுதோறும் அதே காந்தி பேச்சு. பிள்ளைகளுக்குப் புதிதாக ஒன்று சொல்லுங்கள் சார்.

உங்கள் ஊரிலேயே இருக்கிறதே! 1956 நவம்பர் 23, விடியற்காலை. நல்ல மழை. சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் மருதையாற்றுப் பாலத்தருகே வெள்ளத்தில் கவிழ்ந்தது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்தவர் சாஸ்திரி. அதற்குச் சில மாதம் முன்புதான் மகபூப்நகர் விபத்துக்காக ராஜினாமா கடிதம் கொடுத்திருந்தார். நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மறுபடியும் கொடுத்தார். இந்த முறை நேரு ஏற்றார். விபத்துக்கு சாஸ்திரி காரணமில்லை என்பதையும், இது ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்பதையும் நாடாளுமன்றத்திலேயே சொல்லிவிட்டுத்தான் ஏற்றார்.

பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் 1965-ஐயும் சேர்த்தே சொல்லுங்கள். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தமிழ்நாடு எரிந்தபோது பிரதமர் இதே சாஸ்திரிதான். மத்திய அமைச்சர்கள் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் பதவி விலகிய பிறகே, இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்று வானொலியில் உறுதி கொடுத்தார். பேச்சுப்போட்டிக்காக ஒருவரை முழுப் புனிதராக்கிவிடத் தேவையில்லை.

நாகர்கோவில் வாசகர்: கன்னியாகுமரி காந்தி மண்டபத்தில் அக்டோபர் 2 அன்று மட்டும்தான் சூரிய ஒளி அஸ்தி வைத்த இடத்தில் விழும் என்கிறார்கள். உண்மையா?

விழும். அப்படித்தான் கூரையில் துளை விட்டுக் கட்டியிருக்கிறார்கள். ‘மட்டும்’ என்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

உச்சிச் சூரியன் தினமும் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. டிசம்பர் கடைசியிலிருந்து ஜூன் வரை வடக்கே நகரும், பிறகு தெற்கே திரும்பும். அதனால் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை என்று எந்த உயரத்தையும் ஆண்டில் இரண்டு தடவை கடக்கும். செப்டம்பர் 22, 23 வாக்கில் பகலும் இரவும் சமம். அதற்கு ஒன்பது, பத்து நாள் கழித்து அக்டோபர் 2. அதேபோல மார்ச் 20 சமநாளுக்கு ஒன்பது நாள் முன்பு, அதாவது மார்ச் 11-ஐ ஒட்டி, சூரியன் மறுபடி அதே உயரத்துக்கு வரும்.

கடிகாரத்தில் ஒரு சிறிய வித்தியாசம் இருக்கும். கன்னியாகுமரியில் சூரியன் உச்சிக்கு வருவது அக்டோபர் 2-இல் ஏறக்குறைய 12 மணி 9 நிமிடத்துக்கு. மார்ச் 11-இல் 12.30-க்கு. மார்ச்சில் போகிறவர்கள் 12 அடித்ததும் கிளம்பிவிடாமல் அரை மணி நேரம் நில்லுங்கள். அக்டோபர் கூட்டமும் அப்போது இருக்காது. அதற்கு முந்தைய, பிந்தைய நாட்களிலும் ஒளி வந்து சற்றுத் தள்ளி விழும்.

கோவை வாசகி: எங்கள் வீட்டில் நட்சத்திரம் பார்த்துத்தான் பிறந்த நாள். காந்திக்கு அப்படி உண்டா?

குஜராத்தில் திதி பார்ப்பார்கள். காந்தி பிறந்தது விக்ரம சம்வத் 1925, பாத்ரபத மாதத் தேய்பிறை துவாதசி. அவர் உயிரோடு இருந்தபோதே ஆசிரமத்தில் அந்தத் திதியைத்தான் ‘ரெண்டியா பாரஸ்’ என்று ராட்டை நூற்றுக் கொண்டாடினார்கள். துவாதசி ஒரு வருடம் செப்டம்பரில் வரும், இன்னொரு வருடம் அக்டோபரில் வரும். அரசு விடுமுறைக்கு அது ஒத்துவருமா? அதனால்தான் ஆங்கிலத் தேதி நிலைத்தது. நம் கணக்கில் இப்போது அக்டோபர் 2 என்பது புரட்டாசி 15 அல்லது 16.

கல்லூரி மாணவர்: உலக வரலாற்றில் இதே தேதியில் பெரிய சம்பவம் எது அண்ணா?

ஒன்றைத்தான் சொல்லவேண்டும் என்றால் 1187. சிலுவைப் போர்வீரர்களிடமிருந்து ஜெருசலேமை எகிப்து சுல்தான் சலாகுத்தீன் மீட்டது அக்டோபர் 2. 88 ஆண்டுக்கு முன் சிலுவைப் படை நுழைந்தபோது நடந்த படுகொலை இந்த முறை நடக்கவில்லை. பணயத்தொகை கட்டியவர்கள் வெளியேறலாம் என்று விட்டார். கட்ட முடியாத ஆயிரக்கணக்கானோர் அடிமைகளானார்கள் என்பதையும் மறைக்கக்கூடாது.

முஸ்லிம்களுக்கு அந்த நாள் ஹிஜ்ரி 583, ரஜப் 27. மிஃராஜ் நாள், அதாவது நபிகள் நாயகம் ஜெருசலேம் வழியாக விண்ணேறியதாக நம்பும் நாள். நகரத்துக்குள் நுழைய அதைவிடப் பொருத்தமான நாள் அவருக்குக் கிடைத்திருக்காது. இங்கே வேடிக்கை என்னவென்றால், அந்த அக்டோபர் 2 பழைய ஜூலியன் காலண்டர் தேதி. இன்றைய காலண்டரில் எண்ணினால் அது அக்டோபர் 9! 1582-க்கு முந்தைய சம்பவங்களை ‘இன்றைய தினம்’ பட்டியலில் பார்த்தால் இதை மனத்தில் வையுங்கள்.

அதே மாணவர்: 1582-இல் என்ன ஆயிற்று?

போப் பதின்மூன்றாம் கிரகோரி பத்து நாளைத் தூக்கிவிட்டார். இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து நாடுகளில் அக்டோபர் 4, வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15, வெள்ளி. ஆவிலா நகரின் புனித தெரேசா இறந்தது சரியாக அந்த இரவில். அவர் திருநாள் 15-ஆம் தேதிதான் வரும். நம் அக்டோபர் 2 இரண்டே நாளில் தப்பித்தது.

பெங்களூர் வாசகர்: விஞ்ஞானிகள் யாரும் இல்லையா?

உங்கள் ஊருக்கு வேண்டியவரே இருக்கிறார். வில்லியம் ராம்சே, 1852-இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். நியான், கிரிப்டான், செனான் மூன்றையும் 1898-இல் கண்டுபிடித்தவர், 1904-இல் வேதியியல் நோபல். ஜாம்ஷெட்ஜி டாடா ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்க நினைத்தபோது இடம் பார்த்துச் சொல்ல 1900-இல் இந்தியா வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு அவர் பரிந்துரைத்த ஊர் பெங்களூர். 1909-இல் தொடங்கிய இந்திய அறிவியல் கழகம் இன்றும் அங்கேதான்.

மதுரை வாசகி: கலைஞர்கள்?

ராஜா ரவி வர்மா. 1906-இல் கிளிமானூரில் மறைந்த நாள். 1894-இல் பம்பாயில் அச்சகம் வைத்து லட்சுமி, சரஸ்வதி படங்களைக் கல் அச்சில் போட்டு வீடு வீடாகக் கொண்டுசேர்த்தார். அச்சகம் கடனில் முடிந்தது வேறு விஷயம். நீங்கள் அக்டோபர் 2-ஐத் தேடிக் கிழிக்கும் தினசரிக் காலண்டரின் லட்சுமி, பெரும்பாலும் அவர் வரைந்தவளின் வழித்தோன்றல்தான்.

சேலம் வாசகர்: அகிம்சை தினம் என்கிறோம், அந்த நாளில் வன்முறையே நடந்ததில்லையா?

நடந்திருக்கிறது. 1968-இல் மெக்சிகோ நகரின் லத்தெலோல்கோ சதுக்கத்தில் கூடிய மாணவர்களைப் படையினர் சுட்டார்கள். பத்து நாளில் அதே நகரில் ஒலிம்பிக் தொடங்கியது. அங்கே இன்றும் இந்த நாளில் ஊர்வலம் போகிறார்கள். ஐ.நா. இதை அகிம்சை தினமாக அறிவித்தது 2007-இல்தான்.

திருச்சி வாசகர்: என் பையன் பிறந்ததும் அக்டோபர் 2. வகுப்பில் 40 பேர். வேறொருவனுக்கும் அதே நாள் இருக்குமா?

அவனுக்கே ஜோடி கிடைக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்றுதான். ஆனால் அந்த 40 பேரில் யாராவது இருவருக்கு ஏதோ ஒரு நாள் பொதுவாக இருக்கும் வாய்ப்பு 89 சதவீதம். வெறும் 23 பேர் இருந்தாலே பாதிக்கு மேல் வாய்ப்பு. ஏனென்றால் அவனை மட்டும் வைத்துப் பார்த்தால் 39 ஜோடிதான், எல்லோரையும் ஒருவரோடு ஒருவர் சேர்த்துப் பார்த்தால் 780 ஜோடி. வகுப்பாசிரியரிடம் வருகைப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். தாத்தா தலைமுறைப் பதிவேட்டில் மட்டும் இந்தக் கணக்குப் போடாதீர்கள். பள்ளியில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் எழுதிவைத்த தேதிகள் அங்கே கொத்துக்கொத்தாக இருக்கும். அதிலும் ஜூன் மாதம் அதிகம்!