சர்க்கரையிலிருந்து ஹைட்ரஜன்: கேளுங்கள், சொல்கிறேன்

நொதித்தல் நடக்கும் கலன்களோடு பல வருடம் பழகியவன் நான். பாக்டீரியாவிடம் சர்க்கரையைக் கொடுத்து ஹைட்ரஜன் எடுப்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

பாக்டீரியா ஏன் ஹைட்ரஜனை வெளியே விடுகிறது? அதனால் அதற்கு என்ன லாபம்?

சர்க்கரையை உடைத்து ஆற்றலை எடுக்கும்போது எலெக்ட்ரான்கள் மிஞ்சும். நம் உடம்பு அவற்றை ஆக்சிஜன் தலையில் கட்டிவிடும். இந்த வேலையைச் செய்யும் கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியா ஆக்சிஜனே இல்லாத இடத்தில் வாழ்வது. அதனால் ஹைட்ரஜனேஸ் என்ற நொதியை வைத்து, அந்த எலெக்ட்ரான்களைப் புரோட்டான்களோடு சேர்த்து ஹைட்ரஜனாக்கித் தள்ளிவிடுகிறது. கழித்துவிட்டால்தான் அடுத்த சர்க்கரையைத் தொட முடியும்.

ஒரு கிலோ குளுக்கோஸுக்கு எவ்வளவு கிடைக்கும் சார்?

மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் அளவு. ஒரு மோல் குளுக்கோஸும் தண்ணீரும் முழுக்க ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடுமாக மாறினால் 12 மோல் ஹைட்ரஜன் வரவேண்டும். நொதித்தலில் உச்சம் 4தான். அதுவும் மிச்சமெல்லாம் அசிட்டிக் அமிலமாக முடிந்தால். பியூட்டிரிக் அமிலமாக முடிந்தால் 2. இரண்டும் கலந்துதான் வரும் என்பதால் 4 கைக்கு எட்டுவது அபூர்வம்.

அந்த உச்சத்தையே வைத்துக்கொண்டாலும் கிலோவுக்குச் சுமார் 44 கிராம், ஆற்றலில் ஏறக்குறைய 5 மெகாஜூல். குளுக்கோஸுக்குள் இருப்பதோ 15க்கும் மேல். அதே குளுக்கோஸை ஈஸ்டிடம் கொடுத்தால், கணக்குப்படி 13 மெகாஜூலுக்கு மேல் எத்தனாலாகத் திரும்பி வரும். அதனால் நல்ல சர்க்கரையை இதற்குச் செலவழிப்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். சர்க்கரை கரைந்து வீணாகப் போகும் ஆலைக் கழிவுநீர் இருக்கிறதே, அதுதான் இதற்கு ஏற்றது.

அப்படியானால் மீதி ஆற்றல் எங்கே போகிறது?

எங்கேயும் போகவில்லை, கலனுக்குள்ளேயே இருக்கிறது. வாயு நின்றபின் மூடியைத் திறந்தால் கெட்டுப்போன வெண்ணெய் நாற்றம் மூக்கைத் துளைக்கும். அது பியூட்டிரிக் அமிலம். மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல் அந்த நாற்றமடிக்கும் தண்ணீரில்தான். அதைச் சாக்கடையில் கொட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. அடுத்த கலனுக்கு அனுப்பி மீத்தேன் எடுக்கலாம். வெளிச்சம் கொடுத்தால் ரோடோபாக்டர் போன்ற ஊதா பாக்டீரியாக்கள் அந்த அமிலங்களிலிருந்தே மறுபடி ஹைட்ரஜன் தரும். ஆனால் பெரிய கலனில் உள்ளே வரை வெளிச்சம் போகாது. இப்போதைக்கு மீத்தேன் வழியே நம்பகமானது.

இரண்டு நாள் நன்றாக ஹைட்ரஜன் வந்தது. அப்புறம் வாயு வருகிறது, ஹைட்ரஜன் இல்லை. சாணக் கரைசலைத்தான் விதையாகப் போட்டேன்.

மீத்தேன் நுண்ணுயிர்கள் உங்கள் ஹைட்ரஜனைச் சாப்பிடுகின்றன. விதைக் கரைசலை முதலில் அரை மணி நேரம் கொதிநிலைக்குப் பக்கத்தில் வைத்திருங்கள். அவை செத்துப்போகும், கிளாஸ்ட்ரிடியம் ஸ்போராக, அதாவது கெட்டியான உறைக்குள் உறங்கும் வடிவமாகச் சுருண்டு தப்பித்து, ஆறியதும் முளைக்கும். பிறகு அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 5.5 பக்கத்தில் பிடித்து வையுங்கள். அமிலம் சேரச்சேர அது இறங்கும், 4.5க்குக் கீழே போனால் ஹைட்ரஜன் படுத்துவிடும். நன்றாகக் கலக்கியும் விடுங்கள். ஹைட்ரஜன் கரைசலிலேயே தங்கினால் பாக்டீரியா ஹைட்ரஜனை விட்டுவிட்டு வேறு பொருள்களை உண்டாக்கத் தாவிவிடும்.

மரபணுவை மாற்றி 12ஐத் தொட முடியாதா?

இருட்டில் நடக்கும் நொதித்தலால் மட்டும் முடியாது. மிஞ்சும் அசிட்டிக் அமிலத்தை ஹைட்ரஜனாக உடைக்க வெளியிலிருந்து ஆற்றல் வேண்டும். ஒன்று வெளிச்சம், இல்லையென்றால் கொஞ்சம் மின்சாரம். நுண்ணுயிர் மின்பகுப்புக் கலன்கள் அந்த இரண்டாவது வழி. தண்ணீரை மின்பகுக்கக் குறைந்தது 1.23 வோல்ட் தேவை, இவற்றுக்கு ஒரு வோல்ட்டுக்குக் கீழேயே போதும். 80 டிகிரியில் வாழும் தெர்மோடோகா என்ற பாக்டீரியா, மின்சாரமே இல்லாமல் 4ஐ நெருங்குகிறது.

வீட்டில் செய்து பலூனில் பிடித்து வைக்கலாமா?

வேண்டாம். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கும். வாசனை கிடையாது, பகலில் சுவாலையும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. செய்து பார்க்க ஆசையாக இருந்தால் குழாயின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு குமிழிகளை எண்ணுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது.