ஓபெரா டெனரின் தொழில் வாழ்க்கை எப்படி இருக்கும்? ஓபெரா மேடையில் பாடுவதும் கச்சேரியில் பாடுவதும் ஒன்றுதானா?

ஒன்றில்லை. எனக்கே அது புரிய நாளானது. ஓபெரா என்றால் பாட்டாலேயே நடக்கும் நாடகம்; டெனர் என்றால் அதில் ஆண்களின் உயர்ந்த குரல்வகை, அந்தக் குரலில் பாடுபவர்.

வேலைக்காக ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்தில் இருந்தபோது, ஓபெரா அரங்கின் மேல்மாடியில் கடைசி வரிசைக்கு மலிவு டிக்கெட் வாங்கி உட்காருவேன். முதல் நாள் மைக் எங்கே என்று தேடினேன். கிடையாது! கீழே குழியில் அத்தனை வாத்தியங்கள் முழங்க, ஒரே ஒரு குரல் அதையெல்லாம் தாண்டி மேலே வருகிறது. கத்துவதால் அல்ல. ஆர்க்கெஸ்ட்ராவின் பலம் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் அதிர்வெண் பக்கம் குவிந்திருக்கும். பயிற்சி பெற்ற குரல் 3000 ஹெர்ட்ஸ் பக்கம் பலம் சேர்த்துக்கொள்ளும். அங்கே வாத்தியங்களின் நெரிசல் குறைவு.

நம் வித்வான் தன் குரலுக்குத் தோதான கட்டையில் சுருதி வைத்துக்கொள்கிறார். ஓபெராவில் பெரும்பாலும் எழுதிய சுருதியில்தான் பாட வேண்டும். அதனால் எந்த வேடம் யாருக்கு என்பதைக் குரலே முடிவு செய்துவிடும். டெனருக்குப் பெரும்பாலும் காதலன், இளவரசன். அதிலும் மென்மையான லிரிக் டெனர் ஆசைப்பட்டு இசையமைப்பாளர் வாக்னரின் கனமான வேடங்களைச் சீக்கிரமே எடுத்தால், குரல் போய்விடும் அபாயம் உண்டு. எதைப் பாட மறுத்தார் என்பதும் ஒரு டெனரின் தொழிலில் பாதி.

சரி, ஒரு ஆளை வைத்துச் சொல்கிறேன். ஃபிரிட்ஸ் வுண்டர்லிஷ். 1930இல் ஜெர்மனியின் கூசல் என்ற சிற்றூரில் பிறந்தவர். ஐந்து வயதில் அப்பா இறந்துவிட்டார். அம்மா வயலின் வாசிப்பவர். ஃப்ரைபுர்க் இசைப் பள்ளியில் பாட்டோடு ஹார்ன் என்ற ஊதுவாத்தியமும் கற்றார்; செலவுக்கு நடன பேண்டுகளில் வாசித்தார். அவர் பாட்டில் கேட்கும் நீண்ட மூச்சு ஹார்ன் ஊதியதில் வந்தது என்பது என் ஊகம்.

ஜெர்மனியில் பல நகரங்களில் ஓபெரா அரங்கம் உண்டு. பாடகர்களை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வார்கள். இன்று சில்லறை வேடம், நாளை பெரிய வேடம், கொடுத்ததைப் பாட வேண்டும். வுண்டர்லிஷும் 1955இல் அப்படித்தான் ஸ்டுட்கார்ட்டில் சேர்ந்தார். மோட்சார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' ஓபெராவில் இளவரசன் தமீனோவாகப் பாட வேண்டிய யோசஃப் டிராக்ஸல் உடம்பு சரியில்லை என்று விலக, இவரை இறக்கினார்கள். டிராக்ஸல் வேண்டுமென்றே வழிவிட்டார் என்றும் சொல்வார்கள். அதன்பின் ஃபிராங்க்ஃபர்ட், மியூனிக், சால்ஸ்பர்க், வியன்னா என்று மளமளவென ஏறினார்.

ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை அவருடைய கச்சேரிப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஜெர்மன் மொழியில் 'லீட்' என்று ஒரு வகை: கவிதைக்கு மெட்டு, ஒரு பியானோ, ஒரு குரல். வேஷமும் இல்லை, ஆர்க்கெஸ்ட்ராவும் இல்லை. ஓபெராவில் ஒரு வேடத்துக்குள் மூன்று மணி நேரம் இருக்கலாம். இங்கே மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேறு ஆளாக வேண்டும். அழகான குரல் இருந்தும் வுண்டர்லிஷுக்கு இது சுலபமாக வரவில்லை. தன்னைவிட முப்பது வயதுக்கு மேல் மூத்த பியானோக்காரர் ஹூபர்ட் கீசனிடம் உட்கார்ந்து சொல் சொல்லாகக் கற்றார். அதன் பலனை இசையமைப்பாளர் ஷூமானின் 'கவிஞனின் காதல்' என்ற லீட் தொகுப்பின் ஒலிப்பதிவில் கேட்கலாம். குரலைக் காட்டிக்கொள்ளும் ஆசையே அதில் தெரியாது.

ஒலிப்பதிவு என்பது மூன்றாவது உலகம். இசையமைப்பாளர் மாலரின் 'பூமியின் பாடல்' படைப்பில் முதல் பாட்டில் டெனர் முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு மல்லுக்கட்ட வேண்டும். மைக் முன்னால் நின்றதால் வுண்டர்லிஷின் லிரிக் குரலாலும் அதைத் தாங்க முடிந்தது. கிளெம்பரர் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்திய அந்தப் பதிவு 1964லும் 1966லுமாகத் துண்டு துண்டாக நடந்தது. கேட்டால் ஒட்டுப்போட்டது தெரியாது.

1966 செப்டம்பரில் வுண்டர்லிஷ், நண்பர் ஒருவரின் வேட்டை விடுதிப் படிக்கட்டில் தவறி விழுந்து இறந்தார். 36 வயது நிறைய சில நாட்களே இருந்தன. அடுத்த மாதம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபெராவில் முதல்முறை பாட இருந்தார். கரயான் நடத்திய ஹைடனின் 'படைப்பு' ஒலிப்பதிவு பாதியில் நின்றது. மிச்சமிருந்த பகுதிகளை வெர்னர் கிரென் பாடி முடித்தார்.

கேட்க ஆரம்பிப்பதென்றால் கார்ல் பம் நடத்திய 1964 'மாயப் புல்லாங்குழல்' பதிவை எடுங்கள். தமீனோ ஒரு பெண்ணின் ஓவியத்தைப் பார்த்துக் காதலில் விழும் பாட்டு, சில நிமிடம்தான். அப்புறம் ஷூமான். இறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு எடின்பரோவில் செய்த கச்சேரியின் பதிவும் கிடைக்கிறது. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.