முனை மழுங்கிய எழுத்துக்கு முழு விலையா?

இந்த வாரக் கடிதங்களில் பாதி ஃபான்ட் சமாச்சாரம். எல்லோருக்கும் ஒரே எழுத்தின் மேல்தான் ஆசை: காலில் கட்டை வைத்து, முனையை உருட்டிவிட்ட ஆங்கில எழுத்து, அதாவது ரவுண்டட் ஸ்லாப் செரிஃப். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டிலேயே பேக்கரி நடத்துகிறேன். “உங்களுக்கென்றே வரைந்த எழுத்து” என்று சொல்லி லோகோவுக்கு 12,000 ரூபாய் வாங்கினார் டிசைனர். என் மகனோ இது அவன் லேப்டாப்பிலேயே இருக்கிறது என்கிறான். — வாசகி, கும்பகோணம்

மகன் சொல்வது சரி அம்மா. நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது அமெரிக்கன் டைப்ரைட்டர் என்ற ஃபான்ட். ஜோயல் கேடன், டோனி ஸ்டான் என்ற இருவர் 1974-இல் ஐடிசி என்ற அமெரிக்க ஃபான்ட் நிறுவனத்துக்காக வரைந்தது, மேக் கணினி வாங்கினால் கூடவே வரும். பழைய டைப்ரைட்டரில் ஒல்லியான ‘ஐ’ எழுத்துக்கும் தடியான ‘எம்’ எழுத்துக்கும் ஒரே அகல இடம்தான், அதனால் ‘ஐ’ எழுத்துக்கு அகலமாகக் கட்டைக்கால் வைத்து இடத்தை அடைத்தார்கள். மை நாடா வழியாக அடிவிழுவதால் மூலையெல்லாம் கொஞ்சம் உருண்டுதான் தெரியும். கேடனும் ஸ்டானும் அந்தச் சாயலை வைத்துக்கொண்டு சம அகலத்தை விட்டுவிட்டார்கள். லோகோவில் எழுத்துகள் நெருங்கி அழகாக நிற்பது அதனால்தான்.

இருக்கிற ஃபான்ட்டை லோகோவில் வைப்பது குற்றமில்லை, ஊரே அதைத்தான் செய்கிறது. வரைந்ததாகச் சொல்லிக் காசு வாங்கியதுதான் ஏமாற்று. அவர் அப்படிச் சொன்ன வாட்ஸ்அப் செய்தி, பணம் போட்ட ரசீது இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள், அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. “வியாபாரத்துக்கு வாங்கினீர்கள், நீங்கள் நுகர்வோரே இல்லை” என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். சொந்தப் பிழைப்புக்கான சுயதொழில் என்பதை முதலிலேயே எழுதிவிடுங்கள்.

80 பக்க ஆங்கில ஆண்டு மலர் முழுவதையும் இந்த எழுத்தில் 9 பாயின்டில் விடலாமா?

வேண்டாம். அந்த அளவில் உருட்டல் கண்ணுக்கே தெரியாது, கட்டை மட்டும் தெரியும். தலைப்புக்கு வையுங்கள்.

காசு கொடுத்து வாங்கிய ஃபான்ட்டில் தமிழ் அடித்தால் வேறு ஏதோ எழுத்து வருகிறது. ரீஃபண்டும் தர மறுக்கிறார்கள். இது மோசடி இல்லையா?

இல்லை. விற்பனைப் பக்கத்திலேயே எந்த மொழிகளுக்கு என்று பட்டியல் இருந்திருக்கும், நீங்கள் பார்க்கவில்லை. அதில் தமிழே இல்லாததால் கணினி தன்னிடம் இருக்கும் லதா, நிர்மலா மாதிரி ஒரு தமிழ் ஃபான்ட்டை எடுத்துப் போடுகிறது. டவுன்லோடு செய்த ஃபான்ட்டுக்குப் பெரும்பாலான கடைகளில் பணம் திரும்பாது.

உங்களைத் திட்டவும் எனக்கு யோக்கியதை இல்லை. சில வருடங்களுக்கு முன் உறவினர் கடை விலைப்பட்டியலுக்காக இதே வகை எழுத்து ஒன்றை 2,800 ரூபாய்க்கு வாங்கினேன். மாதிரிப் படத்தில் பர்கர், குக்கி என்று முழ உயரத்துக்கு வார்த்தைகள், பார்த்தால் வாயில் எச்சில் ஊறும். பிரஸ்ஸில் அடித்து வந்த 300 அட்டையிலும் ₹ இருக்க வேண்டிய இடத்தில் காலிக் கட்டம்! உதயகுமார் வடிவமைத்த அந்தக் குறியை அரசு ஏற்றதே 2010-இல்தான், அதற்கு முந்தைய ஃபான்ட்டாக இருந்து யாரும் புதுப்பிக்காவிட்டால் அதில் ₹ எங்கிருந்து வரும்? இதைத்தான் நான் எங்கே போனாலும் புலம்புகிறேன். புடவையை வெளிச்சத்தில் பிரித்துப் பார்க்காமல் எடுக்க மாட்டோம், ஃபான்ட் என்றால் மட்டும் மாதிரிப் படத்தைப் பார்த்துக் காசை நீட்டிவிடுகிறோம். நல்ல கடைகளில் நாமே தட்டிப் பார்க்கப் பெட்டி வைத்திருக்கிறார்கள். உங்கள் கடைப் பெயர், போன் நம்பர், ₹, அப்புறம் ஒன்றுபோலவே தெரிந்து குழப்பும் 1-ம் ஆங்கில ‘எல்’லும், 0-வும் ஆங்கில ‘ஓ’வும் பக்கத்துப் பக்கத்தில், எல்லாவற்றையும் உங்களுக்கு வேண்டிய அளவிலேயே தட்டிப் பாருங்கள்.

499 ரூபாய்க்கு 10,000 ஃபான்ட் என்று விளம்பரம் வருகிறது. வாங்கலாமா?

பாதி திருட்டு, மீதி இலவசமாகவே கிடைப்பது. ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் என்ற இலவச உரிமத்தில் வரும் எழுத்துகளைத் தனியாக விற்கவே கூடாது.

டெஸ்க்டாப் உரிமம் வாங்கிய ஃபான்ட்டை வெப்சைட்டில் ஏற்றினேன். தனியாகக் காசு கட்டச் சொல்லி மெயில் வந்திருக்கிறது. இது அநியாயமில்லையா?

நியாயம்தான் ஐயா. உங்கள் காசுக்குக் கிடைத்தது அனுமதி மட்டும், எழுத்து இன்னும் அவர்களுடையதுதான். டெஸ்க்டாப், வெப், செயலி என்று பல இடங்களில் தனித்தனி விலை. அதை வாங்குகிற நாளில் படித்திருக்கலாமே. பிரஸ்ஸுக்கும் ஃபான்ட் ஃபைலைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள், எழுத்துகளைக் கர்வ் செய்து, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, பிடிஎஃப்பாகக் கொடுங்கள்.

‘ஐ லவ் நியூயார்க்’ டி-ஷர்ட் மாதிரியே நடுவில் இதயம் வைத்து எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு விற்கலாமா?

அதுவும் அமெரிக்கன் டைப்ரைட்டர்தான், 1970-களில் மில்டன் கிளேசர் என்ற டிசைனர் அமைத்தது. எழுத்துக்கு உரிமம் இருந்தாலும் அந்த அமைப்பு நியூயார்க் மாநிலத்தின் வணிக முத்திரை. தேர்த் திருவிழாவில் விற்றால் அங்கிருந்து யாரும் கிளம்பி வர மாட்டார்கள், வெளிநாட்டுத் தளத்தில் போட்டால் தூக்கிவிடுவார்கள். வேறு ஏதாவது யோசியுங்களேன்.

கூரியர் ஃபான்ட் சும்மா கிடைக்கும்போது எதற்குக் காசு?

திரைக்கதை எழுத தாராளமாகப் போதும். ஐபிஎம் டைப்ரைட்டருக்காக 1950-களில் ஹோவர்ட் கெட்லர் வரைந்தது, முனையும் உருண்டுதான் இருக்கும். ஆனால் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். கடை போர்டில் ஆங்கிலத்தில் ‘மில்க்’ என்று போட்டுப் பாருங்கள், ‘ஐ’ மட்டும் தனி ரூம் எடுத்துத் தங்கியிருக்கும்.