கோழி டிரஸ்ஸும் வால்வு ரேடியோவும்

கே: சார், அமெரிக்காவுல இருந்து வந்த எங்க மாமா, அந்தக் காலத்துல அங்க சூப்பர்ஹீரோவைக் கிண்டல் பண்ணி ரேடியோல காமெடி சீரியல் வந்துச்சு, இப்போ நெனைச்சாலும் சிரிப்பு தாங்கலன்னாரு. பறக்கறது சண்டை போடறதெல்லாம் கண்ணால பாத்தா தானே காமெடி, வெறும் காதால கேட்டு எப்படி சார் சிரிக்கறது?
- ஒரு வாசகர், திருவல்லிக்கேணி

ப: மாமா சொன்னது ‘சிக்கன்மேன்’னு நெனைக்கறேன். 1966 ஜனவரில அங்க டிவில பேட்மேன் ஆரம்பிச்சு எங்க பாத்தாலும் அதே பேச்சு, அதே வருஷம் சிகாகோ ரேடியோல டிக் ஆர்கின்ங்கறவரு இதை ஆரம்பிச்சாரு. ஹீரோ பென்டன் ஹார்பர் ஷூ விக்கற சேல்ஸ்மேன், வாரநாள்ல கடையில வேலை இருக்கே, அதனால சனி ஞாயிறு மட்டும் தான் கோழி டிரஸ்ஸை மாட்டிக்கிட்டு ஊரைக் காப்பாத்தக் கெளம்புவாரு. கமிஷனர் ஆபீஸ் செக்ரட்டரி மிஸ் ஹெல்ஃபிங்கர்கிட்ட மட்டும் அவரு பாச்சா பலிக்காது. ஒரு எபிசோட் ரெண்டு மூணு நிமிஷம் தான்.

அந்தக் கோழி டிரஸ்ஸை கேட்டவங்க யாரும் பாக்கல, அதுல தான் சிரிப்பே இருக்கு. டிவில காட்டியிருந்தா துணியும் இறகும் தெரிஞ்சு அதோட முடிஞ்சிருக்கும், ரேடியோல கேக்கறவங்க ஒவ்வொருத்தரும் அவங்கவங்க மனசுல ஒரு டிரஸ் தைச்சு மாட்டி விடறாங்க, தொப்பை எவ்ளோ பிதுங்குது, கொண்டை எந்தப் பக்கம் சாயுதுன்னு எல்லாம் அவங்க கணக்கு.

சைதாப்பேட்டைல எங்க வீட்டுல ஒரு வால்வு ரேடியோ இருந்துச்சு, உள்ள கண்ணாடிக் குழாய் வச்ச பழைய காலத்துப் பெட்டி. போட்ட உடனே பேசாது, சூடாகணும், பச்சைக் கண்ணு மாதிரி ஒரு விளக்கு மெதுவா ஒளிர ஆரம்பிக்கும், அப்பா குமிழைத் திருப்பத் திருப்ப நாங்க மூச்சு விடாம அதையே பாத்துக்கிட்டு இருப்போம். நாடகத்துல குதிரை ஓடும், அது கொட்டாங்குச்சியைத் தட்டற சத்தம்னு பின்னாடி தெரிஞ்சப்பவும் எனக்கு அது குதிரை தான், இப்பவும் தான்.

நம்ம தென்கச்சி சுவாமிநாதன் ரேடியோல ‘இன்று ஒரு தகவல்’ சொன்னதும் சில நிமிஷம் தானே, அவரு சிரிக்காம சொல்லுவாரு, டீக்கடைல கிளாஸ் கையில ஆறிப்போக நின்னு கேட்டுட்டு கடைசி கதைக்கு மொத்தக் கடையும் சிரிக்கும். அங்க யாரு எதைப் பாத்தாங்க?

மாமாகிட்ட ரெக்கார்டிங் இருந்தா வாங்கி, போனைக் கவுத்து வச்சுட்டுக் கேளுங்க. கொண்டை எந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க.